சிலபஸ் வந்துவிடும், தேர்வுக் குழு வராது

ஜெர்மனியின் தொழிற்பயிற்சி முறையை அப்படியே கொண்டுவரப் போகிறோம் என்று எந்த நாடு அறிவித்தாலும், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசித் தேர்வை யார் நடத்தப் போகிறார்கள்?

வாரத்தில் 3, 4 நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் தொழிற்பள்ளி, பெரும்பாலும் 3 முதல் 3.5 ஆண்டு. வெளியே தெரிவது இவ்வளவுதான். சுலபமாகக் காப்பியடிக்க முடிவதும் இதைத்தான். இதைத் தாங்குவது 1969-இல் வந்த தொழிற்கல்விச் சட்டமும், பயிற்சி ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தேர்வையும் நடத்தும் தொழில் வணிகச் சபைகளும். தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் மூவரும் உண்டு. கற்றுக்கொடுத்தவர் தனியாக உட்கார்ந்து மார்க் போட்டுவிட முடியாது. நிறுவனங்கள் சபையில் உறுப்பினராவதும் கட்டாயம். இந்தக் கட்டாயம் இல்லாத நாட்டில், ஒரு நிறுவனம் செலவழித்துத் தேற்றிய பிள்ளையைப் பக்கத்து நிறுவனம் கூடுதல் சம்பளம் காட்டிக் கூட்டிப் போய்விடும். அடுத்த வருடம் யார் பயிற்சி கொடுப்பார்கள்?

பட்டறைக்குள் பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. 7018 என்ற ரக வெல்டிங் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பாக்கெட்டைப் பிரித்தபின் 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைத்திருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் சுமார் 350 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் மறுபடி சுட வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் எழுதிய பாடத்தில் இது ஒற்றை வரியாக இருக்கும். புழுக்கமான ஊரில் அந்த வரியைத் தாண்டிப் போனால் பற்றவைத்த இடத்தில் பொத்தல் விழும், பிறகு விரிசலும் வரும். பழி பயிற்சி பெறும் பிள்ளையின் கைமேல். லட்சக்கணக்கில் மெஷின் வாங்குகிறவர்கள் இந்த ஓவனை வாங்குவதில்லை, வருடா வருடம் வெட்டிப் பழகத் தேவையான இரும்புத் தகட்டுக்கும் பணம் ஒதுக்குவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வயரிங் பாடத்தில் ஆபத்து நேரடியானது. அமெரிக்க முறையில் கறுப்பு ஒயரில் கரண்ட் வரும்; பழைய பிரிட்டிஷ் முறையில் அதே கறுப்பு நியூட்ரல். படத்தை மொழிபெயர்த்து நிறத்தை மாற்றாமல் விட்டால் உயிர் போகும்.

ஆகவே 40 தொழிலை ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். ஒரே ஒரு தொழில் போதும். முதலில் தேர்வில் என்ன பொருளைச் செய்துகாட்ட வேண்டும் என்பதையும் மதிப்பெண் தாளையும் உள்ளூர் நிறுவனங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்து அந்த நிறுவனங்களின் மேஸ்திரிகளுக்குக் கற்பிக்கும் முறையில் பயிற்சி கொடுங்கள். மெஷின் பட்டியலை அதற்குப் பிறகு போடலாம்.