தேயிலைத்தூளுக்குச் செய்கிற பரிசோதனையைப் பீலித் தண்ணீருக்கும் செய்யுங்கள்

"தேத்தண்ணி குடித்தால் உடம்பில் இருக்கிற ஈயம் போய்விடும்" என்று ஒரு செய்தி குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் மலையகத்து ஆட்களும் பெருமையாகப் பகிர்கிறார்கள். அதற்கு மூலம் 2025 பெப்ரவரியில் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு. நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் உடம்பைப் பற்றிப் பேசவே இல்லை. தேயிலையைச் சுடுநீரில் ஊறவிட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், கட்மியம் போன்றவற்றில் கொஞ்சம் இலையில் ஒட்டிக்கொள்கிறது. சாதாரணமாக ஒரு கோப்பை ஊற்றும்போது ஈயத்தில் சுமார் 15 சதவீதம் குறையலாம். சக்கையை வீசும்போது அதுவும் சேர்ந்து போகிறது. அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். பதப்படுத்தும்போது இலை சுருங்கி அதன் நுண்துளைகள் திறந்துகொள்கின்றன, அதனால்தான் உலோகத்தை இழுக்கிறது என்கிறார்கள். வாட்டி, ரோலரில் போட்டு, காயவைத்து எடுப்பது நம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அன்றாடம் நடக்கிற வேலை. தேயிலை கிடைப்பதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் இலை. செடியில் உயிரோடு நிற்கும்போதும் அதன் குணம் அதுதான்.

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், புளிப்பை அளக்கும் பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் நன்றாக வரும். அவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். பெரும்பாலான பயிர்களின் வேர் அதிலேயே கருகிவிடும். தேயிலையோ அதை உறிஞ்சி இலைக்கு அனுப்பிச் சேர்த்து வைக்கிறது. கூடவே புளோரைட்டும் ஏறுகிறது. இரண்டிலை ஒரு கொழுந்தில் இவை குறைவு, முற்றிய இலையில் பல மடங்கு. முற்றிய இலையில் செய்த கட்டித் தேயிலையைக் காலங்காலமாகக் குடித்துவரும் திபெத்துப் பக்கத்து மக்களுக்கு புளோரைட்டால் எலும்பு நோயே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2013இல் வந்த ஓர் ஆய்வும் விலை குறைந்த தூளில்தான் புளோரைட்டு கூடுதல் என்று காட்டியது. கொழுந்தைப் பறிக்கிறவர் வீட்டு அடுப்பில் கொதிப்பது எந்தத் தரம் என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

புகையும் அப்படித்தான். விறகுப் புகை தூளில் படிந்தால் அந்திராகுயினோன் என்ற பொருள் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்.

இந்தச் செடியைப் பற்றி நம் நாட்டில் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. தலவாக்கலையில் இருக்கிற அந்த நிலையத்தின் வேலைகளில் பூச்சிகளின் கதை ஒன்றே போதும். இலையைச் சுருட்டி உள்ளே குடியிருக்கும் புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கியது. பிறகு தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். மருந்து குளவியையும் கொன்றது, அடங்கிக் கிடந்த புழு மறுபடி கிளம்பியது. ஒரு மலையில் அடிக்கிற மருந்து யார் யாரைப் போய்ச் சேரும் என்று அப்போதே நமக்குத் தெரிந்துவிட்டது.

2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடை செய்தார்கள். புல் நிற்குமா? தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்குப் போயின. அதில் எம்சிபிஏ என்ற ஒன்றின் எச்சம் ஜப்பானுக்குப் போன தேயிலையில் அகப்பட்டது. அங்கே அதற்கு எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு கிலோ தூளில் ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு. கொழும்பு வரை பதற்றம். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். தடை சரியா, தளர்த்தியது சரியா என்பதை இன்னொரு நாள் பேசலாம். ஜப்பான்காரர் கோப்பையில் இருக்கிற துளியைக் கண்டுபிடிக்க முடிந்தது, கண்டுபிடித்ததும் நாடே அசைந்தது, எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

அதே மருந்து மலையில் இறங்கும் வழியைப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிற அண்ணன்மார் தண்ணீர் கிடைக்கிற இடத்தில்தான் டேங்க்கை நிரப்புவார்கள். அளவு, போத்தல் மூடியால். முகத்தில் ஒரு துணி. மழைக்காலத்தில் தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்குச் செப்பு மருந்து அடித்துவிட்டு வந்தால் டேங்க் வாரிலும் நகக்கண்ணிலும் நீலப்பச்சை ஒட்டியிருக்கும், சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. வேலை முடிந்ததும் டேங்க்கைக் கானில், அதாவது வடிகாலில், அலசுவார்கள். கான் போய் ஓடையில் விழும். ஓடைக்குக் கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயம், லயத்துக்குத் தண்ணீர் விழும் குழாயாக ஒரு பீலி. குளிக்க, உடுப்பு அலச, பிள்ளைகளுக்குப் பால்மா கரைக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அண்ணன்மாரைக் குறை சொல்லவில்லை. அலச வேறு இடம் கட்டிக் கொடுக்கவில்லை, கையுறை கிழிந்தால் மாற்றுக் கொடுப்பதும் இல்லை.

கொப்புள நோய் இந்த நாட்டுக்கு 1946இல் வந்தது. செப்பு மண்ணில் மட்கிப் போகிற பொருள் இல்லை, சேர்ந்துகொண்டே போகும். உரத்தில் இருக்கும் நைதரசன் நைத்திரேற்றாக மாறி ஊற்றுக்குள் இறங்கும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கூடினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தாய்மாரிடம் சொல்கிறோம். சரி, கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

"இதையெல்லாம் வெளியில் பேசினால் தேயிலையின் பெயர் கெட்டுவிடும், நம் ஆட்களின் வேலைதான் போகும்" என்று சிலர் எழுதுவீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஏற்றுமதியாகும் தூளைப் பரிசோதித்துத்தான் அனுப்புகிறார்கள், அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. தூளுக்கு அந்த அளவு நுட்பமாகப் பார்க்கிற கருவிகள் இந்த நாட்டிலேயே இருக்கின்றன. மருந்தடித்தபின் பெய்கிற முதல் மழைக்கு அடுத்த நாள் பீலியில் ஒரு போத்தல் பிடித்து அதே கருவியில் வையுங்கள் என்கிறேன். களைகொல்லி, செப்பு, நைத்திரேற்று மூன்றையும் பாருங்கள். முடிவைத் தமிழில் எழுதி, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் ஒட்டுங்கள். எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கணக்குத் தாள் ஒட்டியிருக்கும். தண்ணீரைப் பற்றி ஒரு தாள் ஒட்டியதை நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சி நிலையம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிஎச்சும் நைத்திரேற்றும் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே சோதனைத் தாளால் ஓரளவு பார்த்துவிடலாம். களைகொல்லிக்குத்தான் பெரிய கருவி வேண்டும். உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள், பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற மலையகத்துத் தம்பி தங்கைமார், கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்தப் பீலி, மேலே எந்த மலையில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். போத்தலை எப்படிக் கழுவுவது, தண்ணீரை எப்படிக் குளிரில் வைத்துக் கொண்டுபோவது என்று நான் எழுதி அனுப்புகிறேன்.