வெறி இல்லையாம். கோச் இருந்தாரா?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இரண்டு நாளாக எல்லா குரூப்பிலும் ஓடுகிறது. முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய கல்லூரி வாலிபால் பெண்களை மேடையில் நிறுத்தி, மைக்கைப் பிடித்து, "உங்களுக்கெல்லாம் வெறி இல்லை" என்கிறார் ஒரு பெரிய மனிதர். ஓரத்தில் நிற்கிற பெண் முழங்காலில் டேப் சுற்றியிருக்கிறாள். ஒரு காலை ஊன்றவே இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. அந்தப் பிள்ளைகளுக்குக் கோச் இருந்தாரா?

இல்லை. அந்த டீமில் ஆடிய ஒருத்தியிடம் பேசினேன். வாலிபாலில் ஒரு செட்டுக்கு இரண்டு டைம் அவுட், தலா 30 விநாடி. "தண்ணி குடிச்சிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம்க்கா" என்றாள். எதிரணி எந்த இடத்தில் அடிக்கிறது, வலையில் எழும்பித் தடுக்கும் நம் பிளாக் ஏன் தாமதமாகிறது என்று சொல்ல வெளியே ஒரு ஆள் இல்லை. இதற்குப் பெயர் வெறி இல்லாததா?

"பி.டி., அதாவது கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், இருக்கிறாரே" என்பீர்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. என்ட்ரி ஃபார்ம், பில், ஸ்போர்ட்ஸ் டே, கபடியிலிருந்து செஸ் வரை அத்தனை டீமும் அவர் ஒருவர் தலையில்தான். அவர் படித்தது உடற்கல்வி. கோச்சிங் தனிப் படிப்பு. ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு அதில் டிப்ளமோ முடிப்பதற்கென்றே பாட்டியாலாவில் 1961லிருந்து தேசிய விளையாட்டு நிறுவனம் நடக்கிறது. கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லையென்றால் தமிழ் ஐயாவை அனுப்புவீர்களா?

நான் லாங் ஜம்ப். இரண்டு வருடம் கோச் இல்லாமல் குதித்தவள். ஒரு இன்டர் காலேஜ் மீட்டில் என் மூன்று ட்ரையலும் ஃபவுல், கால் பலகையைத் தாண்டி விழுந்தது. அன்றைக்கு எனக்கும் இதே பேச்சுதான், "மனசு வைக்கல". பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் அழுதேன். அப்புறம் லீவில், எங்கள் ஊர் மைதானத்துக்கு நடக்க வரும் ரிடையர்ட் கோச் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டுக் கூப்பிட்டார். குதிக்கிற மணல் பிட் பக்கமே போகவேண்டாம் என்றார். வெறும் ட்ராக்கில் ஓடச் சொல்லி, கடைசி அடி விழுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு செங்கல் சில்லை வைத்தார். பத்து ஓட்டத்துக்குப் பிறகு பார்த்தால், சில்லுகள் முக்கால்வாசி ஒரே இடத்தில் கிடந்தன. "உன் ஓட்டம் சரியாத்தான் இருக்கும்மா, கிளம்புற இடம்தான் தப்பு" என்றார். தொடங்கும் மார்க்கை இரண்டடி பின்னால் தள்ளினார். அவ்வளவுதான். அந்த இரண்டடியைச் சொல்ல ஆள் இல்லாமல் எனக்கு இரண்டு வருடம் போனது.

"அந்தக் காலத்தில் நாங்கள் கோச் இல்லாமலே ஜெயித்தோம்" என்று யாராவது வந்தால், வாழ்த்துகள். தோற்றவர்கள் வந்து எழுதமாட்டார்கள். பி.டி.உஷாவைச் சொல்வீர்கள். உஷாவுக்கு நம்பியார் என்ற கோச் இருந்தார். 100, 200 ஓடிக்கொண்டிருந்தவரை 1984 ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதங்கள் முன்பு 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் திருப்பியது அவருடைய கண். அங்கே 55.42 விநாடியில் ஓடி, நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போனது. அதே 55.42ஐ நம் கோயம்புத்தூர் வித்யா ராமராஜ் 2023இல் தொட்டபோதும் பின்னால் ஒரு கோச் இருந்தார்.

பணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அரசுக் கல்லூரிகளுக்கு அது நிஜமான கஷ்டம். ஆனால் இது அந்தக் கதை இல்லை. வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கக் காசு இருக்கிறது. மாநில அளவில் ஆடிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்க்கத் தெரிகிறது. சேர்த்த பிறகு, காலையில் இரண்டு மணி நேரம் வந்து நிற்க ஒரு கோச்சுக்குச் சம்பளம் என்றால் மட்டும் கை வராது. பதினேழு வயதில் அவள் கொண்டுவந்த ஆட்டத்தையே மூன்று வருடம் செலவழித்துவிட்டு, கடைசியில் வெறி இல்லை என்று அனுப்புகிறீர்கள்.

வெறி இல்லாத பெண்ணா முழங்காலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஆடுவாள்?

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது இதை அவளிடம் காட்டுங்கள். தங்கச்சி, முழங்கால் வீங்கியிருந்தாலோ திரும்பும்போது நழுவுகிற மாதிரி இருந்தாலோ டேப்பைச் சுற்றிக்கொண்டு திரும்பக் குதிக்காதே. முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டு. தனியாகப் போகப் பயமாக இருந்தால் இன்பாக்ஸில் வா, நான் கூட வருகிறேன்.