ஜிஎஸ்டி எண் வேறு, ஆலோசகர் பதிவு வேறு

“ஜிஎஸ்டி எண்ணும் கம்பெனிப் பதிவும் இருந்தால் போதும், ஒரு கன்சல்டன்சி கட்டணம் வாங்கிக்கொண்டு எந்தப் பங்கில் போடலாம் என்று ஆலோசனை சொல்லலாம்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை, மன்னிக்கவும்.

33 என்று தொடங்கும் அந்த 15 இலக்க ஜிஎஸ்டி எண், தமிழ்நாட்டில் வரிக்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்லும். ஆலோசனை சொல்லும் தகுதியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கட்டணத்துக்கு முதலீட்டு ஆலோசனை தர, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைப்படி தனியாகப் பதிவு வேண்டும். (ஆடிட்டர் தன் வேலையினூடே சொல்வது போன்ற சில விலக்குகள் உண்டு. தனிக் கடை போட்டு ஆலோசனை விற்பது அதில் சேராது.)

சரிபார்ப்பது சுலபம். செபி இணையதளத்தில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு எண் ‘ஐஎன்ஏ’ என்று தொடங்கும். பங்குப் பரிந்துரை மட்டும் தரும் ஆய்வாளர் என்றால் ‘ஐஎன்ஹெச்’. அடுத்தவர் எண்ணைத் தூக்கிப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் எண்ணோடு நின்றுவிடாமல், பெயர், முகவரி, பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.