1973 சந்தோஷ் டிராபி: கோச் மணி இல்லை, சைமன் சுந்தரராஜ்

மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபி பற்றிய ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: “1973ல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கித் தந்தது மணிதான், கேப்டனும் அவரே, கோச்சும் அவரே.” பாதிதான் சரி. டி.கே.எஸ். மணி கேப்டன். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்ற பைனலில் மூன்று கோலும் அவருடையவை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ். தஞ்சாவூர்க்காரர். வெறும் பயிற்சியாளரும் இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ரஹீம் சாகிப் பயிற்சியில், பி.கே. பானர்ஜி தலைமையில் போன இந்திய அணியில் இருந்தவர். பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்த அணி அது. அதற்கப்புறம் இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவில்லை.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா அந்த பைனலைப் பற்றிப் பேசாத மழைக்காலம் கிடையாது. மூன்று கோலையும் விரலை மடக்கி எண்ணுவார். நாலாவது விரலை மடக்கி “இது நம்ம சைமன்” என்பார். பாலக்காட்டுத் தமிழர்களுக்கு அது அவ்வளவு நெருக்கமான பெயர். தயவுசெய்து அந்தப் பதிவில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.