அந்த "மூத்த அதிகாரி" யார்?

2025 பிப்ரவரியில் ட்ரம்ப் ஒரே கையெழுத்தில், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்கும் கம்பெனிகளைத் தண்டிக்கும் அமெரிக்காவின் வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்ட நடவடிக்கைகளை நிறுத்திவைத்தார். "அமெரிக்காவே லஞ்சத்துக்குப் பச்சைக்கொடி காட்டிடுச்சு" என்று இங்கே பல பேர் புலம்பினார்கள். சரி, அந்தச் சட்டம் முழு வேகத்தில் ஓடியபோது நமக்கு என்ன கிடைத்தது?

காக்னிசன்ட் விவகாரத்தையே பாருங்கள். 2014இல் சென்னையில் 27 லட்சம் சதுர அடிக்கு கேம்பஸ் எழும்புகிறது, திட்ட அனுமதி கைக்கு வரவில்லை. தமிழ்நாடு அரசின் மூத்த அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டார், கான்ட்ராக்டர் மூலமாகக் கொடுக்க மேலிடம் தலையாட்டியது என்கிறது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம். கான்ட்ராக்டர் கைக்காசைப் போடுவாரா? "கூடுதல் வேலை" என்று பில் போட்டு அந்தத் தொகையை அதற்குள் சொருக ஏற்பாடு. (சொந்த வீடு கட்டியவர்களுக்கு "எக்ஸ்ட்ரா ஒர்க்" என்ற வரியைப் பார்த்தாலே வயிறு கலங்கும், இது அதன் பெரியப்பா.)

2016இல் நிறுவனமே போய் விஷயத்தைச் சொன்னது. 2019இல் சுமார் 2.5 கோடி டாலர் கட்டியது. அமெரிக்க அரசின் நீதித்துறை நிறுவனத்தின் மீது வழக்கு போடவில்லை. நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரிகள் இரண்டு பேர் மீது நியூ ஜெர்சி கோர்ட்டில் போட்டது. அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். ட்ரம்ப் உத்தரவுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில், அதுவும் இனி திரும்பத் தொடுக்க முடியாதபடி கைவிடப்பட்டது. பணம் போனது அமெரிக்காவுக்கு. கை நீட்டியதாகச் சொல்லப்படும் ஆள் அந்த ஆவணத்தில் வெறும் "மூத்த அதிகாரி". பெயர் கிடையாது.

1977இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டத்தின் வடிவமே அதுதான். கொடுத்தவரைப் பிடிக்கும், வாங்கியவரைத் தொடாது. கேட்பவரையும் தண்டிக்கும் சட்டம் அங்கே 2023 டிசம்பரில்தான் வந்தது.

ஏர்பஸ் கதையும் இப்படித்தான். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானம் வாங்குவதற்காக, அந்நிறுவன உயரதிகாரி ஒருவரின் மனைவியுடைய கம்பெனிக்கு 20 லட்சம் டாலர் போயிருக்கிறது. 2020இல் ஏர்பஸ் பிரிட்டனுக்கு மட்டும் 99 கோடி யூரோ கட்டியது. கடனில் மூழ்கிக்கிடந்த விமான நிறுவனம் இலங்கையுடையது, அபராதம் லண்டன் கஜானாவுக்கு!

வேறு வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். தான்சானியாவுக்கு ரேடார் விற்ற விவகாரத்தில் பிரிட்டிஷ் ஆயுத நிறுவனமான பிஏஇ சிஸ்டம்ஸ் கட்டிய பணத்தில் 2.95 கோடி பவுண்டு அந்த நாட்டுக்கே போனது. பள்ளிப் பாடப்புத்தகத்துக்கும் பெஞ்சுக்கும். அதை விதிவிலக்காக வைக்காமல் விதியாக்க வேண்டும். கூடவே, சமரச ஒப்பந்தம் போடும் அன்றே ஆதாரங்களும் பெயரும் சம்பந்தப்பட்ட நாட்டுக்குப் போக வேண்டும்.

ஆனால் நம் வீட்டுக் கதை? நம் கம்பெனிகள் வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தால் தண்டிக்க 2011இல் ஒரு மசோதா வந்தது, காலாவதியானது. நம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது, நல்லது. அதே திருத்தம்தான் அதிகாரியின் முடிவுகளை விசாரிப்பதற்கு முன் அனுமதி வாங்கச் சொல்லும் 17ஏ பிரிவையும் சேர்த்தது.

ட்ரம்ப்பைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் ஒரு திட்ட அனுமதி ஃபைல் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, யார் எந்தத் தேதியில் கையெழுத்து வைத்தார் என்பதெல்லாம் நம் அரசு அலுவலகக் குறிப்புத் தாளில்தான் இருக்கும். அதைப் புரட்ட நியூ ஜெர்சி கோர்ட் எதற்கு?