சின்னச் சில்லைக் குறை சொல்லாதீர்கள்

கிளிநொச்சியில் பார்சல் விநியோக வேலைக்கு ஆள் கேட்டு வருகிற விளம்பரங்களில் முதல் வரியே "சொந்த மோட்டார் சைக்கிள் அவசியம்" என்றுதான் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஏ.எல். முடித்தவள். ஜெயந்திநகரில் இருந்து திருவையாறு வரை எந்தப் படலைக்குள் யாருடைய வீடு என்று சொல்லக்கூடியவள். பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சைக்கிளிலேயே திரிந்தவள். அவளை ஒரு இடத்தில், "லீசிங்கில ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வேலை கிடைக்கும் முன்பே கடனாளியாக வேண்டும் என்கிற இந்த நிபந்தனையை என்னால் ஏற்க முடியவில்லை. வன்னியில் கடன் என்ன செய்தது என்று நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போனது. அதற்குப் பிறகும் ஒரு பிள்ளையிடம் முதலில் கடன் எடு, பிறகு வேலை தருகிறோம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

இந்த ஊரில் நான் பார்சல் வேலை செய்வது ஒரு மடிக்கிற சைக்கிளில். ஜப்பானில் பாவித்து முடிந்து கப்பலில் வந்து இங்கே றோட்டோரக் கடைகளில் வரிசையாக நிற்குமே, அதில் ஒன்று. 20 அங்குலச் சில்லு, நடுவில் மடிப்பு, தூக்கிப் பார்த்தால் பதினைந்து கிலோவுக்குக் கிட்ட வரும். இதை வைத்துக்கொண்டு சொல்கிறேன்: கிளிநொச்சி நகரத்துக்குள் வருகிற பார்சல்களில் பெரும்பகுதிக்கு இது போதும். உடுப்பு, போன் கவர், மருந்து, ஆவணங்கள், அழகுசாதனப் பொருட்கள், சில நாட்களில் ஒரு கேக். இரண்டு மூன்று கிலோவைத் தாண்டுகிற பார்சல் அபூர்வம். இதற்கு 100 சிசி இயந்திரமும் பெற்றோலும் எதற்கு?

எங்கள் நகரம் அமைந்திருக்கிற விதமும் இதற்குத் தோது. கரடிப்போக்குச் சந்தியில் இருந்து இரணைமடுச் சந்திப் பக்கம் வரை கடை, வங்கி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம் எல்லாம் ஏ9 வீதியை ஒட்டித்தான். வீடுகள் உள்ளே கனகபுரம், இரத்தினபுரம், ஆனந்தபுரம், உருத்திரபுரம் என்று பரந்து கிடக்கின்றன. நிலம் மட்டம், ஏற்றம் இறக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. நீண்ட தூரத்தை எப்படியும் பஸ்தான் கடக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் பார்சலைக் கொண்டக்டர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் நம்பரைப் போனில் சொல்வார், இங்கே சந்தியில் ஒருவர் காத்திருந்து வாங்குவார். கூரியர் கம்பனிகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னரே எங்கள் சனம் இப்படித்தான் சாமான் அனுப்பியது. மிச்சம் இருப்பது சந்தியில் இருந்து வீட்டுப் படலை வரையான அந்தக் கடைசி நாலைந்து கிலோமீற்றர்.

சரி, அதற்குச் சாதாரண சைக்கிள் போதாதா, மடிக்கிற சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். நகரத்துக்குள் மட்டும் ஓடுவதென்றால் சாதாரண சைக்கிளே போதும், மடிப்புக்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. மடிப்பின் பெறுமதி பஸ்ஸில் ஏறும்போதுதான் தெரியும். மாங்குளத்துக்கு நாலு பார்சல் இருந்தால் சைக்கிளை மடித்துப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய், மாங்குளம் சந்தியில் விரித்து, ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வரலாம். மோட்டார் சைக்கிளில் அதே வேலைக்குப் போகவும் வரவும் எவ்வளவு பெற்றோல் எரியும் என்று கணக்குப் பாருங்கள். காலைப் பள்ளிக்கூட நேரத்துப் பஸ்ஸில் மட்டும் ஏற்ற முயற்சிக்காதீர்கள், கால் வைக்கவே இடம் இருக்காது. அதோடு, மடித்த பிறகு செயின் பக்கத்தை ஒரு உரப்பையால் மூடிக் கட்டுங்கள். எண்ணெய் யாருடைய சாறியிலும் படாமல் இருந்தால் எந்தக் கொண்டக்டரும் அடுத்த முறை வேண்டாம் என்று சொல்வதில்லை.

இனி நான் அடிக்கடி கேட்கிற பேச்சுக்கு வருகிறேன். "உந்தச் சின்னச் சில்லு பாரம் தாங்குமே?" பார்க்கிற எல்லோரும், சைக்கிள் கடை அண்ணைமார் உட்பட, சில்லைத்தான் சந்தேகிக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சில்லு சின்னதானால் கம்பி கட்டையாகிறது. கட்டைக் கம்பிச் சில்லு பக்கவாட்டில் வளைவது குறைவு, அதே பாரத்தில் பெரிய சில்லைவிடப் பலமாக நிற்கும். அதனால்தான் வெளிநாடுகளில் சாமான் ஏற்றவென்றே செய்கிற சைக்கிள்கள் பலவற்றில் 20 அங்குலச் சில்லுப் போடுகிறார்கள். ரேர்ன் கம்பனியின் ஜிஎஸ்டி என்கிற மின்சாரச் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் 20 அங்குலம்தான். வண்டி, ஓட்டுபவர், சுமை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 200 கிலோ வரை அனுமதி. சில்லு சின்னது என்பதால் சுமை நிலத்துக்குக் கிட்ட இருக்கிறது, வண்டியும் ஆடாது.

மடிக்கிற சைக்கிளின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் சட்டம் மடிகிற பிணைச்சல், அதைப் பூட்டுகிற கொளுக்கி, நீண்டு உயர்ந்து நிற்கிற சீற் குழாயும் ஹான்டில் குழாயும். சாதாரண சைக்கிளில் மேலே பார் இருக்கிறது, கீழே இன்னொரு குழாய் இருக்கிறது, இரண்டும் முக்கோணமாக நின்று பாரத்தைப் பங்குபோடும். மடிக்கிற சைக்கிளில் பெரும்பாலும் ஒரே ஒரு தடித்த குழாய். பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் அடி முழுவதும் அந்தப் பிணைச்சலில்தான் இறங்கும். அதனால்தான் டாஹோன், புரொம்ப்டன் போன்ற பெயர்பெற்ற மடிப்புச் சைக்கிள் கம்பனிகள்கூட ஓட்டுபவரும் சாமானும் சேர்த்து 105, 110 கிலோ என்று எல்லை வைக்கின்றன. நீங்கள் 65 கிலோ என்றால் மிச்சம் 40 கிலோவும் ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. புரொம்ப்டனில் முன்பைக்கு 10 கிலோ, பின் கரியருக்கு 10 கிலோ என்று தனித்தனி எல்லையும் இருக்கிறது. பழைய ஜப்பான் சைக்கிளுக்கு நான் அதைவிடக் குறைத்துத்தான் வைப்பேன்.

சுமையை எங்கே வைப்பது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். புரொம்ப்டனை 1970களில் லண்டனில் வடிவமைத்தவர் அன்ட்ரூ றிட்சி என்ற பொறியியலாளர். அந்தச் சைக்கிளில் முன்பை ஹான்டிலில் தொங்குவதில்லை. ஹான்டில் பொருந்துகிற முன்குழாயில், அதாவது சட்டத்தில், ஒரு கட்டை பொருத்தி அதில் பையைக் கொழுவுகிறார்கள். ஹான்டில் திரும்பும், பை திரும்பாது. 10 கிலோ முன்னால் இருந்தாலும் வளைவில் கை இழுக்காது. இதைப் பார்த்துவிட்டு நான் எங்கள் ஊர் வெல்டிங் கடையில் முன்குழாயை இரண்டு இடத்தில் பிடிக்கிற மாதிரி ஒரு சின்னக் கரியர் அடிப்பித்தேன். அதில் மீன் வைக்கிற மாதிரியான ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி, பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய பட்டியால் கட்டு. வேலை முழுவதும் மாறிப்போனது. கேக்கைக்கூட நம்பிக் கொடுக்கிறார்கள்.

ஹான்டிலில் இரண்டு பக்கமும் சொப்பிங் பைகளைத் தொங்கவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். மடிக்கிற சைக்கிளில் அந்த ஹான்டில் குழாயின் அடியில் இன்னொரு மடிப்பு இருக்கிறது, அந்தப் பை ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் அதை நெம்புகிறது. முதுகுப் பையும் எங்கள் வெயிலுக்குச் சரிவராது, அரை மணித்தியாலத்தில் முதுகு நனைந்து பார்சலும் நனையும். பின் கரியரில் பக்கவாட்டுப் பைகள் போட்டால் குதிக்கால் இடிக்கும், ஏனென்றால் பெடலுக்கும் பின்சில்லுக்கும் இடையில் தூரம் குறைவு. பின்னால் வைப்பதானால் கரியருக்கு மேலே, தட்டையாக, பாரமானது அடியில்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 28 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 450 தடவை சுற்றும். 20 அங்குலச் சில்லு ஏறத்தாழ 650 தடவை. ஆகவே ரயர் கெதியாகத் தேயும், சில்லின் அச்சில் உருளுகிற போல்ஸ்களுக்கும் வேலை கூட. காற்று எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும், இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் ஓட்டம் பாரமாகிவிடும். கார்ப்பெட் வீதியில் பறக்கிற அதே சைக்கிள் கிரவல் ஒழுங்கைக்குள் போனால் ஒவ்வொரு கல்லையும் உங்கள் மணிக்கட்டுக்குச் சொல்லும், ஏனென்றால் பெரிய சில்லு தாண்டிப்போகிற குழிக்குள் சின்னச் சில்லு இறங்கி ஏறுகிறது. மாரியில் வாய்க்கால் றோட்டுப் பக்கம் போகவே வேண்டாம், சேற்றில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் முன்பெட்டி காற்றைப் பிடிக்கும், பின்னேரம் திரும்பி வருகிறபோது அது தெரியும். அந்த மாதங்களில் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தட்டையான பையைக் கொழுவிக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கத்தில், மடிக்கிற சைக்கிளை வாங்கிவிட்டு அதில் அரிசி மூட்டை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் நான் உடன்படவில்லை. 50 கிலோ மூட்டைக்கும், விறகுக்கும், மில்லுக்குப் போகிற நெல்லுக்கும் எங்கள் பழைய பெரிய சைக்கிளைப் போல ஒன்று இல்லை. பொருளாதாரத் தடை 1990இல் தொடங்கி 2002இல் ஏ9 பாதை திறக்கும் வரை வன்னியின் லொறியும் அம்புலன்சும் அதுதான். மண்ணெண்ணெயும் விறகும் மரக்கறியும், நடக்க ஏலாத நோயாளியும் அதில்தான் போனார்கள். கிளாலிக் கடலைத் தாண்டப் படகில் ஏற்றினார்கள். பற்றரி இல்லாத காலத்தில் அதைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். இடப்பெயர்வுகளில் வீட்டில் மிஞ்சிய எல்லாமே அதன் மேல்தான் இருந்தன.

அந்தப் பாரத்தையெல்லாம் எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டு போனதைவிடத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம். 1954இல் பிரெஞ்சுப் படையோடு நடந்த டியன் பியன் பூச் சண்டையில் வியட்நாமியர்கள் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றியதும் அப்படித்தான், ஹான்டிலில் ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டித் தள்ளிக்கொண்டு. மூட்டையைத் தாங்க மேலே பார் இருக்கிற சட்டத்துக்கு அது பொருந்தும். பிணைச்சலில் மடிகிற சட்டத்துக்குப் பொருந்தாது.

பாரம் இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சின்ன இழுவைப் பெட்டி பூட்டலாம். அப்போது பாரம் சைக்கிளின் சட்டத்தில் ஏறாது, பெட்டியின் சொந்தச் சில்லுகளில் நிற்கும். அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1992 முதல் பைக் ஃபிரைடே என்ற பெயரில் மடிப்புச் சைக்கிள் செய்கிறார்கள். பயணத்துக்குச் சைக்கிளை அடைக்கிற அதே சூட்கேஸுக்குச் சில்லுப் பூட்டி, பின்னால் இழுவைப் பெட்டியாகக் கொழுவிவிடுகிறார்கள். லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குப் பெட்டி அடிக்கிற எங்கள் பட்டறைகளுக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லை. நகரத்துக்குள் தார் வீதியில் இழுக்க நல்லாக இருக்கும். கிரவலுக்குள் இழுக்கச் சொல்லமாட்டேன்.

2022ஐ மறந்துவிட்டோமா? ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெற்றோல் செற்றுக்கு முன்னால் இரவிரவாகப் படுத்துக் கிடந்தோம், பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் விநியோகம் செய்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், லீசிங் தவணை மட்டும் தவறாமல் வந்தது. சைக்கிள் வைத்திருந்தவர்கள் அன்றும் வேலை செய்தார்கள். அப்போது எல்லோரும் சைக்கிளைத் தேடினார்கள், விலையும் ஏறியது. பெற்றோல் திரும்பி வந்ததும் சைக்கிள் மறுபடி வேலைக்கு ஆகாத பொருளாகிவிட்டது.

விநியோகக் கம்பனிகளின் கிளைகளை நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்று கேட்கிறேன். நகரத்துக்குள், மூன்று கிலோவுக்குக் குறைந்த பார்சல்களைத் தனியாகப் பிரியுங்கள். அதற்குச் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளை எடுங்கள். ஒரு பார்சலுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே அவர்களுக்கும் கொடுங்கள், பெற்றோல் செலவு இல்லை என்று குறைக்காதீர்கள். ரயரும் சாப்பாடும் அவர்களுடைய செலவுதான். தூர இடங்களுக்குப் போகிறவரிடம் மோட்டார் சைக்கிள் கேளுங்கள், அது நியாயம். கச்சேரிக்கும் டிப்போச் சந்திக்கும் இடையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறவரிடம் எதற்கு?

வாங்க யோசிக்கிறவர்களுக்கு: பழைய மடிப்புச் சைக்கிளைக் கடையில் பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பிணைச்சலைப் பூட்டிவிட்டு முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசையுங்கள். நடுவில் டக் டக் என்று சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். பிணைச்சலைச் சுற்றி வெல்டிங் செய்த இடத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், அது வெடிப்பு. சீற் குழாயில் "இதற்கு மேல் உயர்த்தக் கூடாது" என்ற கோடு இருக்கும். உங்கள் உயரத்துக்கு அந்தக் கோடு வெளியே வந்தால் அந்தச் சைக்கிள் உங்களுக்கானது இல்லை. ரயர் அளவையும் பார்த்து வாங்குங்கள். 20 அங்குல ரயர் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது, பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அதுதான். 16, 18 அங்குலத்தில் சில அளவுகளுக்கு யாழ்ப்பாணம் வரை அலைய வேண்டி வரும்.

முன் கரியர் அடிப்பிக்க விரும்புகிறவர்கள் என்னைக் கேளுங்கள், அளவு எழுதித் தருகிறேன். முன்குழாயின் தடிப்பு சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும், ஆகவே வெல்டிங் கடைக்குப் போகும்போது சைக்கிளையும் கொண்டுபோங்கள்.