இங்கிலாந்தின் பொது நிலம் உரிமையற்ற தரிசன்று

இங்கிலாந்தின் பொது நிலங்கள் எவருக்கும் உரிமையில்லாத தரிசுகள், ஆகவே அவற்றை வேலியிட்டு அடைத்ததால் யாரும் எதையும் இழக்கவில்லை என்று ஒரு கருத்து உண்டு. அது சரியன்று. மண் பெரும்பாலும் பண்ணைப் பிரபுவின் உடைமையாக இருந்தபோதிலும், அதில் ஆடுமாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் ஊராரில் பலருக்குச் சட்டம் ஏற்ற உரிமைகள் இருந்தன. லண்டனை அடுத்துள்ள எப்பிங் காட்டில் பிரபுக்கள் போட்ட வேலிகள் சட்டவிரோதமானவை என்று 1874-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு இந்த மேய்ச்சலுரிமையே அடிப்படை. வழக்குத் தொடுத்த லண்டன் மாநகராட்சியும், அங்கே நிலம் வைத்திருந்ததால் தனக்கும் அவ்வுரிமை உண்டு என்று காட்டித்தான் வாதாடியது. ஐயமுள்ளவர்கள் அந்நாட்டின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ள 18, 19-ஆம் நூற்றாண்டு அடைப்பு ஆணைப் பத்திரங்களை, அதாவது பொது நிலத்தை அடைத்துப் பங்கிட்டதைப் பதிவு செய்த சட்டப் பத்திரங்களை, பார்க்கலாம். இழந்த பொது உரிமைக்கு ஈடாக யாருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கப்பட்டது என்று அவற்றில் பெயர்வாரியாக எழுதப்பட்டிருக்கும்.